உப்புக்கு வழிவிடும் பூச்சு

பவானி சங்கமேசுவரர் கோயில் மதிலில் இருக்கும் மூன்று துளைகளைப் பற்றி ஊரில் தெரியாதவர் இல்லை. கோவை மாவட்டக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ வெளியில் நின்றபடியே வேதநாயகி அம்மனைத் தரிசிக்கப் போடப்பட்டவை அவை. பெருமழை கொட்டிய ஓர் இரவில் அவர் தங்கியிருந்த மாளிகைக்குள் ஒரு சிறுமி வந்தாள். அவரை எழுப்பி வெளியே அழைத்துப்போனாள். அவர் வாசல் தாண்டியதும் மாளிகை இடிந்து விழுந்தது. வந்தவள் அம்மனே என்று ஊர் சொல்கிறது. நன்றியாக அவர் 1804-இல் கொடுத்த தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது.

210 ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பர் 29 அன்று, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் மழையில் சரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நகரமன்றமாக எழுந்து, வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி ஏறத்தாழ 140 ஆண்டுகள் நின்ற கட்டடம் அது. பாரம்பரியக் கட்டடங்கள் மீது அக்கறை கொண்டவர்கள் அதைச் சீர்செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வேலை தொடங்குவதற்குள் வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டது.

ஒன்று ஆற்றங்கரைக் கதை, மற்றது கடற்கரைச் செய்தி. இரண்டிலும் பழி மழை மேல் விழுகிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற சுவரை ஒரு மழை சாய்த்துவிடாது. மழைக்கு முன்பே பல ஆண்டுகளாகச் சுவருக்குள் ஈரம் ஏறி இறங்கியிருக்கும், காரை அரித்திருக்கும், வெளிப்பூச்சு அங்கங்கே விட்டுப்போயிருக்கும். வீட்டுக்கு வெளிப்புறம் பூசுகிற அந்த முக்கால் அங்குலம்தான் மழைக்கும் வெயிலுக்கும் உப்புக்கும் முதலில் முகம் கொடுக்கிறது. வீடு கட்டும் செலவுக் கணக்கில் அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. தரைக்கு எந்த டைல்ஸ், வாசலுக்கு எந்த மரம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், பூச்சு என்று வந்ததும் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறோம்.

கடல் இல்லாத ஊரில் உப்பு

கடற்கரை வீடுகளின் பூச்சைப் பற்றிப் பவானியில் இருந்துகொண்டு எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். கடல் இங்கிருந்து வெகுதூரம். உப்பு அப்படியில்லை.

காவிரிக் கரையோரத் தெருக்களில் சுவர்களைப் பாருங்கள். முழங்கால் முதல் இடுப்பு வரை ஒரு பட்டை. அதில் பெயின்ட் பொக்களமிட்டிருக்கும். விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிரும். வெயில் காலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். குழித்தறி போட்ட ஜமக்காள நெசவு வீடுகளில் தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் ஓதம் இன்னும் கூடுதல். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது கந்தன் பட்டறை, காவிரி நகர்ப் பகுதி வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் பெயர்ந்ததைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் கலவையை அப்பி, மேலே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே அதே பட்டை, சில வீடுகளில் ஒரு முழம் உயரத்தில். “ஏனுங்க கொத்தனாரே, போன தை மாசந்தானுங்களே பூசுனோம்?” என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? செங்கல் சுட்ட மண்ணிலேயே கொஞ்சம் இருக்கும். சிமென்டிலிருந்து கொஞ்சம். கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரிலிருந்து நிறைய. கொங்குப் பகுதியில் நிலத்தடி நீர் இயல்பிலேயே கடினமானது. அதன் மேல் சாயத்தொழில் தன் பங்கைச் சேர்த்தது. பருத்தி நூலில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் சாதாரண உப்பையும் கிளாபர் உப்பையும் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்த உப்பில் துணியில் தங்குவது எதுவுமில்லை. கழிவுநீரோடு வெளியே போகிறது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டப்பட்டு, உப்புக் கழிவைத் தேக்கிவைக்கும் குளமாக ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. நம் காலிங்கராயன் கால்வாயில் கழிவு கலப்பதைத் தடுக்க, ஓரமாகவே ‘பேபி வாய்க்கால்’ என்று தனி வாய்க்கால் வெட்ட வேண்டி வந்தது. வயலுக்கும் குடிநீருக்கும் நேர்ந்த கேட்டைப் பற்றி நியாயமாகவே நிறைய எழுதியிருக்கிறோம். அதே தண்ணீரை இறைத்துக் கலவை குழைத்துக் கட்டிய வீடுகளின் சுவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே கடற்கரைக்காரர்களுக்குக் காற்று கொண்டுவந்து தருகிற உப்பை நாம் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் முந்நூறு ஆண்டுகளாக அதோடு போராடிச் சேர்த்த அறிவு நமக்கு அப்படியே வேண்டியிருக்கிறது.

சுவருக்குள் நடப்பது

உப்பு ஒரு இடத்தில் சும்மா கிடந்தால் சுவருக்குத் தீங்கில்லை. அது கரைவதும் மறுபடி படிகமாவதும்தான் தீங்கு. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் ஈரப்பதம் அந்தக் கோட்டை ஒரே நாளுக்குள் தாண்டி இறங்குவது சர்வ சாதாரணம். விடியற்காலையில் கரைந்த உப்பு மதியத்தில் சுவரின் நுண்துளைக்குள் படிகமாக வளர்ந்து, துளையின் பக்கங்களை நெருக்கித் தள்ளும். இது ஆண்டு முழுவதும் நடக்கிறது. கிளாபர் உப்பு இன்னும் மோசம். நீரை உள்வாங்கிப் படிகமாகும்போது அதன் கன அளவு மும்மடங்குக்கு மேல் பெருகும். நுண்துளை உள்ள கல்லையும் செங்கல்லையும் சிதைப்பதில் அதை மிஞ்சும் உப்பு அரிது.

படிகம் எந்த இடத்தில் வளர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் சுவரின் வெளிமுகம் வரை வந்து காற்றில் ஆவியானால், உப்பு வெளியே பூக்கும். பார்க்க அசிங்கம், துடைப்பத்தால் தட்டினால் போய்விடும். வெளிமுகத்தை நாம் அடைத்துவிட்டால் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே நின்றுவிடும்; உப்பும் அங்கேயே படிகமாகிப் பூச்சை முதுகிலிருந்து உந்தும். கெட்டியான சிமென்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுகிறபோது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வருவது இதனால்தான். அடைத்த இடத்தில் ஆவியாக முடியாத ஈரம் இன்னும் மேலே ஏறி வேறு வழி தேடும். காவிரிக் கரையில் ஒரு முழம் உயர்ந்த அந்தப் பட்டை அப்படி வந்தது.

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சுவரைவிடப் பூச்சு இளக்கமாக இருக்க வேண்டும், ஈரத்தை வெளியே விட வேண்டும், தான் அழிந்து சுவரைக் காக்க வேண்டும். நாம் இன்று செய்வது தலைகீழ். சுமாரான செங்கல்லின் மேல் கெட்டியான சிமென்ட், அதன் மேல் பிளாஸ்டிக் போன்ற பெயின்ட்.

கடலோரம் கற்றது

சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே வியந்து எழுதியது, பளிங்கு போல மின்னிய வெள்ளைச் சுவர்களைப் பற்றி. கோட்டையிலும் தோட்ட பங்களாக்களிலும் அவர்கள் பார்த்தது சலவைக்கல் அல்ல, கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. கடலோரத்தில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, சல்லடையில் சலித்து, மாதக்கணக்கில் ஊறவைத்து, செக்கில் அரைத்து, பல படலங்களாக இழைத்து, கடைசிப் படலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் செய்ததும் இதே குடும்பத்து வேலை. எந்தக் கடல் உப்பைக் கொடுத்ததோ அதே கடல் அதைத் தாங்கும் சுண்ணாம்பையும் கொடுத்தது.

சுண்ணாம்பின் வேதியியல் எளிது. கிளிஞ்சலானாலும் கல்லானாலும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கரியமில வாயு பிரிந்து கற்சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பின் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை வாங்கி, மெல்ல மெல்ல மறுபடி கல்லாகும். இப்படி இறுகிய காரையில் நுண்துளைகள் நிறைய. ஈரம் தடையில்லாமல் வந்துபோகும். மயிரிழை விரிசல் விட்டால், மழைநீரில் கரைகிற கொஞ்சம் சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். சிமென்டுக்கு இந்தக் குணம் மிகக் குறைவு.

கடுக்காயும் வெல்லமும் கலந்தது வெறும் நம்பிக்கையால் என்று நினைத்த காலம் போய்விட்டது. ஊறவைத்துப் புளித்த அந்தத் தண்ணீர் கலவையைக் குழைக்க எளிதாக்குகிறது, இறுகுவதை நிதானப்படுத்துகிறது. வேலூர் விஐடி உள்ளிட்ட இடங்களில் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். மெரினாவுக்கு எதிரே சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தபோது இடித்துவிடலாம் என்ற பேச்சு எழாமல் இல்லை. பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கொண்டே அதை மீட்டெடுத்தது. அரசுப் பொறியாளர்கள் சிமென்டை ஒதுக்கிவைத்து இந்த வேலையைத் திரும்பக் கற்றுக்கொண்டது தமிழ்நாட்டுக் கட்டட வரலாற்றில் ஒரு நல்ல திருப்பம் என்றே நினைக்கிறேன். புதுச்சேரி மேரி கட்டடமும் உலக வங்கி உதவியோடு சுமார் 15 கோடி ரூபாயில் பழைய தோற்றத்திலேயே எழுந்து, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சரிந்த பிறகு கட்டிய செலவில் எவ்வளவு சிறு பங்கு, சரியும் முன் கூரை ஒழுகலை அடைக்கவும் பூச்சைப் புதுப்பிக்கவும் போதுமாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

உப்பை வெளியே எடுக்க முடியும் என்பதற்கு மாமல்லபுரம் சாட்சி. கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துக் கல்லின் மேல் அப்புகிறது. கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து கூழுக்கு வந்துவிடும். காய்ந்ததை உரித்து எறிந்துவிட்டு மறுபடி அப்புவார்கள். சுண்ணாம்புப் பூச்சு நம் வீட்டுச் சுவருக்கு ஆண்டுக்கணக்கில் செய்கிற வேலையும் இதுவே.

அடைத்துவைத்ததால் வந்த கேட்டுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அங்கே வீடுகள் மரச்சட்டத்தில் எழுபவை. சட்டத்தின் மேல் நீர்காப்புத் தாள், கம்பி வலை, அதன் மேல் மூன்று படலச் சிமென்ட்-சுண்ணாம்புப் பூச்சு என்பது பழைய முறை. உள்ளே புகும் நீர் அடியில் வடிய வழி இருக்கும். பிறகு, நுரைப்பலகையின் மேல் மெல்லிய செயற்கைப் பூச்சு வந்தது. வட கரோலினாவின் கடலோர ஊரான வில்மிங்டனில் 1990-களின் நடுவில் அப்படிப் பூசிய புத்தம்புது வீடுகளைத் திறந்து பார்த்தபோது உள்ளே மரம் உளுத்துப்போயிருந்தது. சன்னல் ஓரத்தில் கசிந்து உள்ளே போன மழைநீருக்கு வெளியே வர வழியில்லை. வழக்குகள் குவிந்தன. வடிகால் உள்ள அமைப்பு பிற்பாடு வந்தது.

பூசும் முறை

இன்று கட்டுகிற வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் தூண், செங்கல் அல்லது சிமென்ட் பிளாக் சுவர். அதில் முழுச் சுண்ணாம்புப் பூச்சு எல்லோருக்கும் இயலாது. நடுவழி ஒன்று இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். வெறும் சிமென்டை ஒன்றுக்கு மூன்று, நான்கு என்று கெட்டியாகக் கலந்தால் பலம் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறோம். காயும்போது அதுதான் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். சுண்ணாம்பு சேர்ந்த கலவை குழைவாக நிற்கும், கரணைக்கு வசமாக வரும், சுவரோடு ஒட்டும், வெடிப்பு குறையும்.

மணலைப் பற்றிக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கடல் மணல் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஆற்று மணல் கிடைக்காத நிலையில் பூச்சுக்கென்றே வரும் பி-சாண்ட் நல்லதே, தூசி மிகாமல் கழுவி வந்ததாக இருந்தால். தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்கிறது ஐ.எஸ். 456. உங்கள் போர் தண்ணீர் எப்படி என்பதைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற வீட்டுக்கு அது ஒரு பெரிய செலவே இல்லை. கலவைக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டுமாவது ஆற்றுக் குடிநீர் லாரியில் வரவழைப்பது பல இடங்களில் கட்டாயத் தேவை.

சுவரைத் தயார் செய்யாமல் பூசுவதே பாதிக் கெடுதலுக்குக் காரணம். செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் வரை கீறிவிட வேண்டும். கான்கிரீட் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தூசி போகக் கழுவி, சுவரை நனைத்து, நீர் சொட்டாமல் ஈரமாக இருக்கும்போது வேலை தொடங்க வேண்டும். தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் கோழிவலை அடிக்கிறோம். அது துருப்பிடிக்காத வகையாக, துருப்பிடிக்காத ஆணியில் நிற்க வேண்டும். கடலோரத்தில் மட்டமான வலை இரண்டு ஆண்டில் துருவேறிப் பூச்சையே பிளந்துவிடும்.

வெளிப்புறத்துக்கு ஒரே மூச்சில் அப்பக் கூடாது. முதல் படலம் 12 மில்லிமீட்டர். அது இறுகும் முன் மேலே கீறல் போட்டுவிட்டு ஈரம் காயாமல் ஆறவிட வேண்டும். பிறகு 8 மில்லிமீட்டரில் இரண்டாம் படலம், புள்ளி வைத்து மட்டம் பார்த்து மணியாசுக் கட்டையால் தேய்ப்பது. மேலே சிமென்ட் பாலை ஊற்றி வழவழப்பாக்கும் பழக்கத்தை விட வேண்டும். அந்த மெல்லிய படலம்தான் முதலில் வெடிக்கிறது. தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் சுவரில் ஏற்றிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, இறுகின கலவையை மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த இடம்தான் பிற்பாடு தட்டினால் டொக்கென்று கேட்கும்.

பிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். கொங்கு நாட்டில் இதற்கு ஒரு தனி எதிரி உண்டு, ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே முதல் ஆகஸ்டு வரை அடிக்கிற அந்தக் காற்று பூசிய சுவரின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும்; மேற்குப் பார்த்த சுவர்களில் சிலந்தி வலை விரிசல்கள் அதனால் வருகின்றன. ஈரச் சாக்கைச் சாரத்தில் தொங்கவிட்டாவது மறைக்க வேண்டும். கடற்கரையில் இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை படுக்கை வாட்டில் அடித்துப் பச்சைப் பூச்சைக் கரைத்துவிடும்.

சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்கள் கண்ணையும் கையையும் காத்துக்கொள்ள வேண்டும். கற்சுண்ணாம்பு நீறும்போது தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் வாங்கித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு, சித்தாளுக்கும் சேர்த்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூச்சு, கம்பிக்குக் காவல் அல்ல. கடலோரத்தில் உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தொட்டால், துரு இரும்பைப் போலப் பல மடங்கு பருத்து, தூணையும் சன்ஷேடையும் பிளக்கும். திறந்த கடற்கரைச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டரும், அலைத்தூவல் படுகிற இடத்தில் 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் போட்ட வீட்டை, எவ்வளவு நல்ல பூச்சாலும் காப்பாற்ற முடியாது.

பொங்கல் வெள்ளை

நம் முன்னோர் பராமரிப்பை நாள்காட்டியில் எழுதிவைத்தார்கள். வீட்டுக்கு ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பு. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, கோபுரச் சுதை வேலைகளைச் செப்பனிட்டுக் குடமுழுக்கு. வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழியில், வெயில் கடுமையாகும் முன், காற்றில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போது அடிக்கிற சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். மழையில் அரித்துப்போன மேல் தோலை ஒரு மெல்லிய படலம் புதுப்பித்துவிடும். அந்த ஆண்டு வெளியே வந்த உப்பு பழைய வெள்ளையோடு உதிர்ந்து போய்விடும். வெள்ளையடித்தலை ஏழை வீட்டு அடையாளமாக நாம் எப்போது நினைக்கத் தொடங்கினோமோ, அப்போதே சுவர்கள் கெடத் தொடங்கின. பத்தாண்டு உத்தரவாதம் என்று சொல்லி விற்கிற பெயின்ட், உலர்ந்த சுவருக்கு நன்றாகவே இருக்கலாம். ஓதம் ஏறிய சுவருக்கு அது பூட்டு. கோபுரச் சுதைகளின் மேல் எனாமல் பூசுவதையும் இதே காரணத்தால் நிறுத்த வேண்டும் என்பேன்.

கடலோர வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. கடல் பார்த்த முகத்தை மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் படிந்த உப்பு இறங்கிவிடும். சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டும் வரிப்பள்ளம் இருக்கிறதா, கைப்பிடிச் சுவர் மேல்முகம் உட்பக்கம் சரிந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் சுவரோடு கசிகிறதா என்று ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். சன்னல் கிராதியின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் துருக்கறை தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும். கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் வெற்றொலி வரும் இடம் தெரியும். அதைச் சதுரமாக வெட்டி எடுத்து, பழைய பூச்சு எந்தக் கலவையோ அதே கலவையால் ஒட்டுப் போட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்டால் ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், சுற்றியுள்ள சுவர் போய்விடும். பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும்.

பவானிக்கு என்ன வேண்டும்

சுண்ணாம்புக்கு நாம் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. காவிரியைத் தாண்டிக் குமாரபாளையம் வழியாகப் போனால் சங்ககிரி. அந்த மண்ணில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். கோவைக்கு அருகே மதுக்கரையில் 1934-லேயே சிமென்ட் ஆலை வந்ததும் அங்கிருந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். நம் காடுகளில் ஏர் உழும்போது தட்டுப்படும் சுக்கான் கல்லைச் சுட்டால் களிமண் கலந்த சுண்ணாம்பு கிடைக்கும். ஈரத்திலும் இறுகும் குணம் அதற்குக் கொஞ்சம் உண்டு. செங்கல் தூளைச் சேர்த்தால் அந்தக் குணம் இன்னும் கூடும். ரோமானியர்கள் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் பூசியது சுண்ணாம்பும் செங்கல் தூளும்தான்.

கல் இருக்கிறது. கை குறைந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்பு நீற்றவும், காரை அரைக்கவும், சுதை இழைக்கவும் தெரிந்தவர்கள் இன்று கோயில் திருப்பணிகளில்தான் மிஞ்சியிருக்கிறார்கள். ஒரு கொத்தனார் பூச்சு வேலைக்கு நாளுக்கு இத்தனை சதுர அடி என்று ஒப்பந்தம் பேசும் நிலையில், படலத்துக்குப் படலம் காத்திருக்கச் சொல்வது அவர் கூலியில் கை வைப்பது. அந்தக் காத்திருப்பு நாட்களுக்கும் சேர்த்துக் கூலி பேசினால்தான் வேலை நிற்கும். கொங்குப் பகுதி தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டுமானப் பிரிவுப் பிள்ளைகளைத் திருப்பணி நடக்கும் கோயில்களுக்குச் சில மாதங்கள் அனுப்பிவைத்தால், அந்தக் கை வீடுகளுக்கும் வந்துசேரும். இதற்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. இந்து சமய அறநிலையத் துறையும் வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையும் உட்கார்ந்து பேசினால் போதும்.

ஆற்றங்கரை வீடுகளுக்கு இன்னொரு வேண்டுகோள். வெள்ளம் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வருகிறது. வடிந்த மறுவாரமே பூசிவிடாதீர்கள். தண்ணீர் நின்ற கோட்டைக் கரிக்கட்டியால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் இரண்டடி வரை பழைய சிமென்ட் பூச்சையும் பெயின்டையும் முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைத் திறந்து போடுங்கள். சன்னல் கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றோட விடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை உலர மாதங்கள் ஆகும். இடையில் ஐப்பசி மழை வேறு. பூக்கிற உப்பை வாரம் ஒருமுறை தட்டிக் கூட்டுங்கள். தை பிறந்ததும், ஆடிக் காற்று தொடங்க நான்கு மாதம் கையிருப்பில் இருக்கும்போது, சுண்ணாம்பு சேர்ந்த கலவையில், குடிக்கிற தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். மேலே வெள்ளை மட்டும் அடியுங்கள். நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பிலேயே காவியோ மஞ்சளோ கலந்துகொள்ளலாம். அந்த ஐந்து மாதங்கள் செங்கல் தெரிய நிற்கிற சுவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். உலர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.